இருந்தும்

திங்கட்கிழமைகளில் எடை பார்ப்பேன்.
பொரளையில் பஸ் இறங்கி
மலர்ச்சாலைக் கண்ணாடிக்குள் வரிசையாய் நிற்கும்
விலை ஒட்டிய பெட்டிகளைத் தாண்டி
கின்சி வீதிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி.
கையுறை, முகமூடி, தராசு.
வாலில் பிடித்துத் தூக்கும் கணத்தில்
ஒவ்வொன்றும் கறன்ட் அடித்ததுபோல் விறைக்கும்,
பிறகு என் உள்ளங்கையை நம்பிவிடும்.

நாடிகளில் கொழுப்புப் படியவென்றே
ஒரு மரபணு அணைக்கப்பட்டுப் பிறந்த சுண்டெலிகள்.
கட்டுநாயக்கா சுங்கத்தில் இரண்டு நாள் கிடந்தவை.
பாதிக்குக் கொழுப்புத் தீன்.
பாதிக்கு அதே தீனில் மருந்து:
விற்றமின் ஏயிற்கு ஆய்வுகூடத்தில் பிறந்த
ஒன்றுவிட்ட தம்பி.
மஞ்சள் தூள். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்.
வெள்ளித்தாளில் சுற்றி, விளக்கணைத்து,
களவெடுப்பவள்போல் நிறுப்பேன்.

நான்காம் வாரம் எடை நின்றது.
ஏழாம் வாரம் இறங்கியது. இரத்தச் சீனியும்.
மற்றப் பாதி உருளைக்கிழங்குகளாய் மூலையில் குந்தியிருக்க
மருந்துப் பாதி கம்பியில் தொங்கி என்னைப் பார்த்தது.
“இதுகள் நல்லா இருக்குது மிஸ்”
கூடு கழுவும் நந்தசேன சொன்னார்,
எனக்காகத் தமிழில்.
அன்றிரவே டொக்டர் ரிஸ்னாவுக்குச் செய்தி போட்டேன்:
வேலை செய்யுது.
மூன்று ஆச்சரியக்குறிகள்.

அந்த மாதம்தான் யூட்டும்
எட்டுக் கிலோ குறைந்திருந்தான்.
பெல்ட்டில் ஆணி சூடாக்கி ஒரு புது ஓட்டை போட்டு
மரைன் டிரைவில் கடல் பக்கமாக நடப்பான்.
கொச்சிக்கடைக் கோயில் வாசலில்
ஆட்கள் அவன் வயிற்றைத் தட்டிப் பாராட்டுவார்கள்.
நானும் தட்டியிருக்கிறேன்.

பதினான்காம் வாரம்.
எப்படி என்று எழுதமாட்டேன்.
ஈரல்கள் சுத்தம், விளிம்பு கூர்.
(மண்ணீரல் மட்டும் ஏன் இத்தனை பெரிது?
குறித்துவைத்துவிட்டு நகர்ந்தேன்.)
பெருநாடியை நீளவாக்கில் பிளந்து
கறுப்பு மெழுகில் நுண்ணூசிகளால் விரித்துச்
சிவப்புச் சாயத்தில் ஊறவிட்டேன்.
கழுவினால், கொழுப்புள்ள இடத்தில் மட்டும்
சாயம் போக மறுக்கும்.

மெலிந்தவற்றின் குழாய்களே
கூடச் சிவந்திருந்தன.

சீட்டு மாறியிருக்கும் என்றேன்.
பதினேழாம் இலக்கத்துக்கு இடது காதில் இரண்டு வெட்டு;
உறைபெட்டியைத் திறந்து
புகையும் குளிருக்குள்
காதைத் தேடினேன்.
இரண்டு வெட்டு. இடது.
சீட்டு மாறவில்லை.
திரும்பவும் அளந்தேன். ஞாயிறும் வந்து அளந்தேன்.
யூட் தொலைபேசியில் கேட்டான்,
எலிக்குமா ஞாயிறு பூசை?
நீ ஒருக்கால் இதயத்தைக் காட்டன் என்றேன்.
என்னத்துக்கு, என்றான், இப்பதானே நல்லா இருக்கிறேன்.

அறிக்கைக்கு ஒரு வாக்கியம் வேண்டும்.
நாடிக் கொழுப்புக் கூடியது;
இருந்தும், எடையும் சீனியும் குறைந்தன, ஈரல் தெளிந்தது.
அல்லது
எடையும் சீனியும் குறைந்தன, ஈரல் தெளிந்தது;
இருந்தும்.
அதே எலிகள். அதே எண்கள்.
அந்தச் சொல்லுக்கு முன்னால் வைப்பது மன்னிக்கப்படுகிறது,
பின்னால் வைப்பது வீட்டுக்கு வருகிறது.
காசு தந்தவர்களுக்கு முதலாவது பிடிக்கும்.
இரவு பதினொன்றுவரை இரண்டையும்
மாற்றி மாற்றித் தட்டச்சடித்தேன்.

“நல்லவேள, மனுசருக்கு ஒண்டும் குடுக்கல்ல”
டொக்டர் ரிஸ்னா நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்.
“எழுதுங்க. இருந்தும் எண்டதுக்குப் பிறகு
நாடிய வைங்க.
மண்ணீரலையும் விடாதீங்க.”

கீழே நந்தசேன காலிக் கூடுகளைக்
குழாயடியில் கவிழ்த்துவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
சவர்க்கார நுரை, தீன் மணம், ஆறு மணி மழை.
அதுகள் நல்லாத்தானே இருந்தது மிஸ், என்றார்.
இருந்தது, என்றேன்.